வெட்டிய வரிகள்

கொழும்பில் பத்திரிகையொன்றின் ஆசிரிய பீடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு செய்தியை எப்படி எழுதுவது என்பதைவிட, அதனை எப்படிச் சுருக்குவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். பிரதேச நிருபர் இரண்டு தாள்கள் நிறைய எழுதித் தபாலில் அனுப்பிய செய்தி, என் மேசையைக் கடந்து அச்சுக்கோப்பாளரிடம் செல்லும்போது பத்து வரிகளாகியிருக்கும். "தம்பி, இதைக் கொஞ்சம் இறுக்கித் தாரும்" என்பார் செய்தி ஆசிரியர். இறுக்குவதில் கெட்டிக்காரன் என்று எனக்குப் பெயர். அந்தக் கெட்டித்தனம், பல வருடங்கள் கழிந்து, கடல் கடந்த தேசமொன்றில், பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவனின் விடயத்தில் என்னைத் தலைகுனிய வைக்கும் என்று அப்போது நான் நினைத்திருக்கவில்லை.

1988 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவுக்கு வந்தேன். மெல்பனில் முதல் சில வருடங்கள் தொழிற்சாலை வேலை. பேனா பிடித்த கை பெட்டிகளை அடுக்கப் பழகியது. தொழிற்சாலையை மூடிவிட்டபோது, நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தைக் காண்பித்தார். நகரின் தென்கிழக்கே டண்டினோங் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் தேவையாம். விக்ரோரியா மாநிலத்தில் இந்தப் பதவிக்குப் பல்கலாசாரக் கல்வி உதவியாளர் என்று பெயர். பெயர் நீளமானது, சம்பளம் அவ்வளவு நீளமில்லை. ஆயினும் சொற்களோடு வாழ்ந்தவனுக்கு மீண்டும் சொற்களோடு ஒரு வேலை கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் சேர்ந்துகொண்டேன். 2015 இல் ஓய்வு பெறும் வரையில் அந்தப் பணியில்தான் இருந்தேன்.

ஊரில் உறவினர்கள் நான் ஆசிரியராகிவிட்டேன் என்று நம்பினார்கள். உண்மையில் உதவியாளன் ஆசிரியன் அல்லன். வகுப்பை நடத்தும் பொறுப்பு அவனுக்கு இல்லை. குழந்தைகளுக்கென்று செய்த சிறிய கதிரையில், முழங்கால்கள் நெஞ்சைத் தொட, புதிதாக வந்த பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, ஆசிரியை சொல்வதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லவேண்டும். பிள்ளை சொல்வதை ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். பெற்றோர் வந்தால் அவர்களுக்கும் பாடசாலைக்கும் நடுவில் அமரவேண்டும். மதிய உணவுப் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு அதைத் திறந்து கொடுப்பதும், தொப்பி அணியாவிட்டால் வெயிலில் விளையாட விடமாட்டார்கள் என்று அம்மாமாருக்கு விளங்கப்படுத்துவதும் அந்த வேலையில் அடக்கம்.

புதிதாக வரும் பிள்ளைகளை நேரடியாகச் சாதாரண வகுப்புகளில் விட்டுவிடாமல், முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆங்கிலத்தை மட்டும் தீவிரமாகப் படிப்பிக்கும் ஏற்பாடு இங்கே உண்டு. அப்படியான ஒரு வகுப்பில்தான் பெரும்பாலும் இருந்தேன். வியட்நாம், கம்போடியா, பொஸ்னியா, சூடான், ஆப்கானிஸ்தான் என்று, உலகில் எங்கெல்லாம் வீடுகள் எரிந்தனவோ அங்கிருந்தெல்லாம் பிள்ளைகள் அந்த வகுப்பறைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் சர்வதேச அரசியலை எங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் கற்றதைவிட அந்த வகுப்பின் வரவு இடாப்பில் கற்றதே அதிகம்.

மொழி என்பது சொற்கள் மாத்திரமல்ல என்பதையும் அங்கேதான் அறிந்தேன். ஒரு நாள் ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். புதிதாக வந்த யாழ்ப்பாணத்துச் சிறுமி, எதைக் கேட்டாலும் தியானம் செய்கிறாளே, அது உங்கள் சமய வழக்கமா என்று கேட்டார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பின்னர்தான் விளங்கியது. அந்தப் பிள்ளை கேள்விகளுக்கெல்லாம் "ஓம்", "ஓம்" என்று எங்கள் ஊர் வழக்கில் ஆமோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! ஆசிரியைக்கோ ஓம் என்றால் யோகாசன வகுப்பு. போதாததற்கு, சொல்லும்போது தலையையும் பக்கவாட்டில் ஆட்டியிருக்கிறாள். அந்த ஆட்டம் எங்களுக்குச் சம்மதம், அவர்களுக்கு மறுப்பு. வாய் தியானம் செய்ய, தலை மறுக்க, அந்த ஆசிரியை திகைத்ததில் வியப்பில்லை.

இன்னொரு சிறுவன் தனது பாட்டனாரைப் பற்றி எழுதிய கட்டுரையில், "மை கிராண்ட்ஃபாதர், தே ஆர் கம்மிங்" என்று எழுதியிருந்தான். எத்தனை பாட்டனார்கள் வருகிறார்கள் என்று ஆசிரியை கேட்டார். ஒருவர்தான். ஆனால், மூத்தவரை ஒருமையில் குறிப்பிட அவனுக்கு நா எழவில்லை. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளில் மரியாதையை அளந்து பேசும் வழக்கத்திலிருந்து, சிறுவனுக்கும் பிரதமருக்கும் ஒரே ஒரு 'யூ' வைத்திருக்கும் மொழிக்கு வந்த பிள்ளையின் சங்கடம் அது. கண்டிக்கும்போது தலையைக் குனிந்து நிலத்தைப் பார்ப்பது எங்களிடத்தில் பணிவு. இங்கே கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்று பொருள். இவற்றையெல்லாம் இரண்டு தரப்புக்கும் விளக்குவதில்தான் என் பொழுதின் பாதி கழிந்தது.

நானே சறுக்கிய இடங்களும் உண்டு. வருட இறுதி விருந்துக்கு அழைத்துப் பாடசாலை அனுப்பிய கடிதத்தில், ஒவ்வொரு குடும்பமும் 'ஒரு பிளேட்' கொண்டு வரவேண்டும் என்றிருந்தது. வந்த புதிதல்லவா? சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, "ஒரு தட்டு கொண்டு வரவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து தமிழ்க் குடும்பங்கள் நன்றாகக் கழுவித் துடைத்த வெறும் தட்டுகளோடு வந்து நின்றன. அந்தத் தட்டில் ஏதாவது பலகாரம் இருக்கவேண்டும் என்பதே இந்த நாட்டு வழக்கின் பொருள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் சிரித்தோம். சிரித்துக் கடந்துவிடக்கூடிய பிழை அது. இனிச் சொல்லப் போவது அப்படியானதல்ல.

2011 ஆம் ஆண்டு முதலாம் தவணையில் வன்னியிலிருந்து ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். ஒன்பது வயதிருக்கும். 2009 மே மாதம் போர் முடிந்தபோது தாயும் அவனுமாக மிஞ்சியவர்கள். முகாம், பின்னர் படகு, கிறிஸ்மஸ் தீவில் தடுப்பு, அதன் பின்னர் மெல்பனில் ஒரு வீடு என்று அவர்களது பயணம் அமைந்திருந்தது. வீட்டில் தாயோடு பேசுவானாம். பாடசாலையில் வாய் திறப்பதில்லை. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, என்னோடு தமிழிலும் பேசவில்லை. "தம்பி, சாப்பிட்டீரா?" என்று கேட்டால் தலையை மாத்திரம் ஆட்டுவான்.

புதிய மொழிச் சூழலுக்குள் வந்த பிள்ளைகள் சில வாரங்களோ சில மாதங்களோ மௌனமாக இருப்பது இயல்பு. மொழி கற்பித்தலில் அதற்கு மௌன காலம் என்றே பெயர். பேசாவிட்டாலும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது, அவசரப்படுத்தக்கூடாது என்பார்கள். கனடாவின் கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ், விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி இரண்டு வருடங்களில் வந்துவிடலாம், ஆனால் பாடநூலின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடங்கள் ஆகலாம் என்று கண்டவர். தாய்மொழியில் வலுவாக இருக்கும் பிள்ளை மற்ற மொழியையும் அந்த வலுவைக்கொண்டே கற்கிறது என்பதும் அவரது கருத்து. இதை எடுத்துச் சொல்லி, "வீட்டில் பிள்ளைகளோடு தமிழே பேசுங்கள்" என்று எத்தனையோ பெற்றோரிடம் மன்றாடியிருக்கிறேன். ஆகவே அந்தச் சிறுவனின் மௌனம் குறித்து நான் பெரிதாகக் கலங்கவில்லை. அது வேறு வகை மௌனம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் தாயை அழைத்தார்கள். வகுப்பாசிரியை, மெல்பனில் பிறந்த கிரேக்கப் பெண்மணி. மிக அன்பானவர். தாய்க்கு முப்பது வயதிருக்கலாம். கதிரையின் நுனியில் அமர்ந்திருந்தார். உங்கள் மகனைப் பற்றி நாங்கள் அறிந்திருக்கவேண்டியது ஏதாவது உண்டா என்று ஆசிரியை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அந்தத் தாய் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நிறுத்தவில்லை. கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, குரல் உடையவில்லை. தன் கணவர் எந்த இடத்தில், எப்படி விழுந்தார் என்பதையும், மகன் அப்போது எங்கே நின்றான் என்பதையும், அதற்குப் பின்னர் அவன் எப்படி மாறினான் என்பதையும் சொன்னார். அவர் முடித்ததும் ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவருடைய கணவர் போரில் இறந்துவிட்டார். பையனுக்குப் பெரிய சத்தங்கள் பயம். கொஞ்சம் பொறுமையாக நடத்தும்படி கேட்கிறார்."

இரண்டு தாள்களைப் பத்து வரிகளாக்கியவன், இம்முறை மூன்றே வரிகளாக்கிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவைகள் என்னையே கேட்டிருக்கிறேன். அந்தத் தாயின் மானத்தைக் காத்தேன் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். வகுப்பறை முழுவதும் அந்தப் பிள்ளையைப் பரிதாபத்தோடு பார்க்கக்கூடாது என்றும் எண்ணினேன். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். முழு உண்மை வேறு. 2009 இன் முதல் ஐந்து மாதங்களும் இரவிரவாகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சொற்களை என் வாயால் சொல்ல எனக்குத் துணிவிருக்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு வாரங்கள் சென்றன. அவசரகால வெளியேற்றப் பயிற்சி நடைபெறும் என்று அறிவித்தார்கள். விக்ரோரியாவில் 2009 பெப்ரவரி 7 ஆம் திகதி மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். அதன் பின்னர் எங்கள் பாடசாலையில் இந்தப் பயிற்சியை எவரும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அலாரம் ஒலித்ததும் வரிசையாக மைதானத்துக்குச் செல்லவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். நான் அவனிடம் குனிந்து, "தம்பி, மணி அடிக்கும். எல்லாரோடையும் வரிசையாய் வெளியிலை போகவேணும்" என்றேன். மணி என்றுதான் சொன்னேன். எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் தண்டவாளத் துண்டில் இரும்பால் தட்டும் மணி என் நினைவில் இருந்தது போலும். ஒலித்தது மணியல்ல, ஏறி இறங்கி அலறும் சைரன்.

மைதானத்தில் எண்ணிப் பார்த்தபோது இருவர் குறைந்தார்கள். ஒருவன் அவன். மற்றது, ஐந்து வயது ஆப்கானியச் சிறுமி. வகுப்பறைகள், கழிவறைகள், நூலகம் எல்லாம் தேடினார்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். தலைமை ஆசிரியை பொலிஸை அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் நான் வெட்டிய வரிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்தத் தாய் சொல்லியிருந்தார்:

"ஐயா, சத்தம் கேட்டால் இவன் எங்கையாவது பள்ளத்துக்குள்ளை போய்ப் படுத்திடுவான். பக்கத்திலை ஆர் நிண்டாலும் இழுத்துக்கொண்டுதான் போவான். தகப்பனை இழுக்கேலாமல் போச்சு எண்டு இண்டைக்கும் சொல்லுறான்."

வேலி ஓரமாக ஒரு மழைநீர் வடிகால் இருந்தது. கோடைகாலத்தில் காய்ந்து கிடக்கும். அறுபது வயதில் நான் அப்படி ஓடியதில்லை. அங்கேதான் இருந்தார்கள். அந்தச் சிறுமியைக் குப்புறப் படுக்க வைத்து, அவள் தலைமீது தன் கைகளை விரித்து மூடியபடி அவன் கிடந்தான். அவள் அழவில்லை. "படு, படு, எழும்பாதை" என்று அவன் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பாடசாலையில் நான் கேட்ட அவனது முதல் வார்த்தைகள் அவைதான். தமிழில் ஒரு சொல்லும் அறியாத அந்தக் குழந்தை, சொன்னபடியே கிடந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

"தம்பி, ஒண்டுமில்லை. இது சும்மா பழக்கிற சத்தம். எழும்பும் அப்பன்" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. மணி என்று சொன்ன மனுஷன்தானே! நானும் வடிகாலில் இறங்கி அவன் பக்கத்தில் அமர்ந்த பின்னர்தான் கைகளை எடுத்தான்.

அன்று பாடசாலை முடிந்ததும் ஆசிரியையிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தாய் சொன்ன அனைத்தையும், இரண்டு வாரம் பிந்தி, ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "அந்த அம்மா மூன்று நிமிடம் பேசினார். நீங்கள் அரை நிமிடம் பேசினீர்கள். எனக்கு அப்போதே தெரிந்தது. நான் கேட்டிருக்கவேண்டும். தவறு எனக்கும் உண்டு" என்றார். பின்னர் தன் கதையைச் சொன்னார். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, ஆங்கிலம் தெரியாத தாயை வைத்தியரிடம் அழைத்துச் சென்றவர் அவர்தானாம். தாய் கிரேக்க மொழியில் விபரமாகச் சொன்னவற்றை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். தாயின் உண்மையான நோய் கண்டறியப்பட மேலும் ஒரு வருடமாயிற்று. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இலங்கையில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் செய்தித் தணிக்கை இருந்த நாட்களில், நாங்கள் எழுதியவை அதிகாரியின் பார்வைக்குச் சென்று, பாதி வெட்டப்பட்டுத் திரும்பி வரும். வெட்டியவர்களை நாங்கள் ஏசாத நாளில்லை. மக்களின் நன்மைக்காகத்தான் வெட்டுகிறோம் என்று அவர்களும் சொன்னார்கள். ஒரு தாயின் வாயிலிருந்து வந்தவற்றுக்கு நானும் தணிக்கை அதிகாரியாகி, அவரது நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன் என்பதை எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் தகுதிபெற்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பாடசாலை வரவழைத்தது. முன்பே அப்படிச் செய்திருக்கவேண்டும். அந்தத் தாய் எல்லாவற்றையும் மீண்டும் சொன்னார். தன் பக்கத்தில் என்னை இருக்கச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அந்த மொழிபெயர்ப்பாளர், ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல், 'நான்' என்று தாய் சொன்னதை 'நான்' என்றே சொன்னார். ஆசிரியை அழுதார். தாய் அவரது கையைப் பிடித்துக்கொண்டார். நான் காக்க நினைத்த மானத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. போரிலும் சித்திரவதையிலும் தப்பி வந்தோருக்காக 1987 முதல் இந்த மாநிலத்தில் இயங்கிவரும் ஃபவுண்டேஷன் ஹவுஸ் என்ற அமைப்பின் உதவியையும் பாடசாலை அவனுக்குப் பெற்றுக்கொடுத்தது.

அடுத்த தவணைப் பயிற்சியின்போது ஆசிரியை ஒரு காரியம் செய்தார். அவனை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, சைரனின் பொத்தானை அவனையே அழுத்தச் செய்தார். நானும் அருகில் நின்றேன். அழுத்தினான். காதைப் பொத்திக்கொண்டான். ஓடவில்லை. பின்னர் மீண்டும் அழுத்தி நிறுத்தினான். "டூ லௌட், மிஸ்" என்றான். அதுதான் அவன் பேசிய முதல் ஆங்கில வசனம்.

அந்த வருட இறுதி விருந்துக்கு அவனுடைய தாய் ஒரு தட்டு நிறையப் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தார். இப்போது நான் சரியாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஆசிரியையிடம் ஏதோ சொல்ல விரும்பி என்னைப் பார்த்தார். நெடுநேரம் பேசினார். நானும் நெடுநேரம் மொழிபெயர்த்தேன். அதன் பின்னர் அவர்கள் வேறு நகருக்குச் சென்றுவிட்டார்கள். அந்தச் சிறுவன் இப்போது இருபது வயதைக் கடந்த இளைஞனாக இருப்பான். என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுவான் என்பதில் சந்தேகமில்லை. இரவில் அயர்ந்து உறங்குகிறானா என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் அரச அலுவலகங்களுக்கும் உங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர்களாக அழைத்துச் செல்லாதீர்கள். அவர்களால் தாங்க முடியாததை அவர்கள் வெட்டிவிடுவார்கள். என்னைப்போன்ற கிழவனே வெட்டினான். அவுஸ்திரேலியாவில் தொலைபேசி மூலமான மொழிபெயர்ப்புச் சேவை 1973 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். தவிர்க்கமுடியாமல் நீங்களே எவருக்காவது மொழிபெயர்க்க நேர்ந்தால், முழுவதையும் சொல்லிவிடுங்கள். எந்த வரி தேவையானது, எது தேவையற்றது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, நடுவில் அமர்ந்திருப்பவனுக்கு இல்லை.